டைமைக் கூட்டினால் வெல்டு பிடிக்காது

இந்த வாரமும் ஒரு பேனல் வந்தது. கார்பன் ஃபைபர், பி.பி.எஸ். ரெசின் (சூட்டில் உருகும் பிளாஸ்டிக்), அல்ட்ராசோனிக் வெல்டிங்கில், அதாவது மீயொலி அதிர்வின் சூட்டில், புள்ளி புள்ளியாக ஒட்டியது. ஸ்பாட் (ஒரு வெல்டு புள்ளி) பிரிந்த இடத்தைப் பார்த்ததுமே கதை புரிந்துவிட்டது: நடுவில் தேன்கூடு மாதிரி ஓட்டைகள், ஓரத்தில் பிதுங்கிய ரெசினோடு இழைகளும் கலைந்து வெளியே வந்திருந்தன. கேட்டால், "முதலில் சரியாகப் பிடிக்கவில்லை, அதிர்வு கொடுக்கும் டைமைக் கூட்டினோம்" என்கிறார்கள்.

தயவுசெய்து இதை நிறுத்துங்கள். 20 கிலோஹெர்ட்ஸ் அதிர்வில் முதலில் உருக வேண்டியது இடையில் வைக்கும் எனர்ஜி டைரக்டர், அதாவது கால் மில்லிமீட்டர் அளவுள்ள வெறும் ரெசின் ஃபிலிம். அது பரவி, இரண்டு பேனலிலும் அதைத் தொடும் அடுக்கின் ரெசின் உருகத் தொடங்கியதும் அதிர்வு நிற்க வேண்டும். பெரும்பாலும் இதெல்லாம் ஓரிரு நொடிக்குள் முடிந்துவிடும். அதற்கு மேல் கொடுக்கிற ஒவ்வொரு துளி சூடும் பேனலுக்குள்தான் போகும். மேலிருந்து அழுத்தமும் இருப்பதால் உள்ளே இழை நகரும், ஓட்டை விழும். கூட்டக் கூட்ட உறுதி ஏறும் என்பது ஓர் எல்லை வரைதான். அதைத் தாண்டினால் இறங்கும்.

நேற்று சரியாக வந்த டைம் இன்று வராமல் போவதும் சகஜம். கிளாம்ப் கொஞ்சம் தளர்ந்தால் போதும், ஸ்பாட் ஓரத்துக்கு நகர்ந்தால் போதும், சூடேறும் வேகமே மாறிவிடும். அதனால் டைமை விட்டுவிட்டு, சோனோட்ரோடு (மேலிருந்து அழுத்தி அதிர்வைக் கொடுக்கும் உலோக முனை) எவ்வளவு இறங்கியது என்பதை வைத்து அதிர்வை நிறுத்துங்கள். அந்த அளவை டிரையல் துண்டுகளில் கண்டுபிடியுங்கள், வேலைக்கான பேனலில் அல்ல.

அதிர்வு நின்றதும் அழுத்தத்தை எடுக்காதீர்கள், ரெசின் இறுகட்டும். நைலான் என்றால் முதலில் காயவையுங்கள், ஈரம் ஆவியாகி உள்ளே குமிழ் விடும். எபாக்சி பேனலை அப்படியே சோனோட்ரோடுக்கு அடியில் வைக்காதீர்கள், ஒருமுறை இறுகிய எபாக்சி மறுபடி உருகாது. காதுக்கு மஃப் கட்டாயம்.

அப்புறம், மேலே தெரியும் பள்ளத்தைப் பார்த்து "நல்லா பிடிச்சிருக்கு" என்று சொல்லாதீர்கள். ஒரு டிரையல் துண்டைப் பிரித்துப் பாருங்கள். வழவழப்பாக ரெசின் மட்டும் தெரிந்தால் ஒட்டவே இல்லை. கிழிந்த இழைகள் இரண்டு பக்கமும் தெரிந்து, ஓட்டை இல்லாமல் இருந்தால் சரி. சந்தேகம் இருந்தால் பிரிந்த இரண்டு பாதியையும், மெஷினில் பதிவான பவர் கர்வையும் (பவர் ஏறி இறங்கிய வரைபடம்) சேர்த்தே கொண்டுவாருங்கள்.