பூண்டு என்ற சொல்லுக்கு மணம் எங்கிருந்து வருகிறது?

"இந்தக் கவிதை உனக்கு என்ன உணர்வைத் தந்தது?" என்று கேட்டால் பல மாணவர்களின் விடைத்தாளில் இப்படித்தான் இருக்கும்: "கவிதை மிக அருமை. கவிஞர் இயற்கையை அழகாக வர்ணித்துள்ளார்." அதே மாணவரை மழையைப் பற்றி ஐம்புலன்களாலும் உணர்ந்து எழுதச் சொன்னால், "மழை அழகாகப் பெய்தது, இதமான காற்று வீசியது" என்று வரும். இரண்டிலும் பிழை இல்லை. ஆனால் படிக்கிறவருக்குள் எதுவுமே நடக்கவில்லை. அது ஏன் என்பதற்கு மூளை ஆய்வுகளில் ஓரளவு நல்ல விடை இருக்கிறது. அது புரிந்தால், இலக்கியத்துக்கு எதிர்வினை எழுதுவதும் வர்ணனை எழுதுவதும் ஒரே வேலையின் இரண்டு முனைகள் என்பதும் புரியும்.

2006-இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மூளையின் செயல்பாட்டைப் படம்பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் படுத்திருந்தவர்களுக்குச் சொற்களைக் காட்டினார்கள். சில சொற்கள் பூண்டு, இலவங்கப்பட்டை போல வலுவான மணமுள்ள பொருள்களின் பெயர்கள். மற்றவற்றுக்கும் மணத்துக்கும் தொடர்பில்லை. அங்கே முகர எதுவும் இல்லை. சும்மா படித்தால் போதும். மணச் சொற்களைப் படித்தபோது, மொழியைக் கையாளும் பகுதிகளோடு சேர்ந்து, மணத்தை உணரும் மூளைப் பகுதியும் வேலை செய்தது. இதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 2004-இல், கேம்பிரிட்ஜில் நடந்த ஆய்வு செயல்களைக் குறிக்கும் சொற்களில் இதைக் காட்டியிருந்தது. நக்குதல், பொறுக்குதல், உதைத்தல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களைப் படித்தவர்களின் மூளையில், நாக்கையும் விரலையும் காலையும் அசைக்கும் பகுதிகளிலோ அவற்றை ஒட்டிய இடங்களிலோ தனித்தனியே செயல்பாடு தெரிந்தது.

அதாவது, ஒரு சொல்லின் பொருள் அகராதியில் இருப்பதுபோல மூளையின் ஒரே மூலையில் எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை. அந்தப் பொருளை நாம் தொட்டு, முகர்ந்து, பார்த்துப் பழகியபோது எந்தப் பகுதிகள் இயங்கினவோ, அவற்றில் சில அந்தச் சொல்லைப் படிக்கும்போதும் லேசாக இயங்குகின்றன. மணம் எழுத்தாளரின் தாளில் இல்லை. வாசகரின் பழைய அனுபவத்திலிருந்து வருகிறது. எழுதுகிறவர் அதைத் தூண்டிவிடுகிறார், அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதைவிட எளிமையானது. மூளையைப் படம்பிடிக்கும் கருவிகூட அதற்குத் தேவைப்படவில்லை. ராபர்ட் ஸ்டான்ஃபீல்ட், ரோல்ஃப் ஸ்வான் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2001-இல் வெளியிட்டது. "அவன் ஆணியைச் சுவரில் அடித்தான்" என்பது போன்ற ஒரு வாக்கியத்தைச் சிலர் படிக்கிறார்கள். "ஆணியைத் தரையில் அடித்தான்" என்பதை வேறு சிலர் படிக்கிறார்கள். பிறகு ஒரு ஆணியின் படம் வருகிறது. இந்தப் பொருள் வாக்கியத்தில் வந்ததா என்று மட்டும் சொல்ல வேண்டும். சுவர் வாக்கியத்தைப் படித்தவர்கள் படுக்கைவாட்டில் இருந்த ஆணிக்கு வேகமாகப் பதில் சொன்னார்கள். தரை வாக்கியத்தைப் படித்தவர்கள் செங்குத்தான ஆணிக்கு. ஆணி எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று வாக்கியத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை! மறு ஆண்டில் இதே குழுவினர் செய்த சோதனையில் கழுகு வந்தது. வானில் கழுகு என்று படித்தவர்கள் சிறகு விரித்த படத்தையும், கூட்டில் கழுகு என்று படித்தவர்கள் சிறகு மடித்த படத்தையும் சட்டென்று அடையாளம் கண்டார்கள்.

வர்ணனை எழுதப் பழகும் மாணவர் இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். வர்ணனை என்றால் பெயரடைகளை அடுக்குவது என்று நாம் சொல்லிக்கொடுத்துவிட்டோம். "பழமையான, பயங்கரமான, இருண்ட கதவு" என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். ஆனால் "பயங்கரமான" என்பதற்கு உருவம் இல்லை, ஒலி இல்லை, எடை இல்லை. அது எழுதியவர் எடுத்த முடிவு. வாசகர் அந்த முடிவுக்குத் தானாக வந்து சேரும்படி எந்தப் பொருளும் அங்கே தரப்படவில்லை. இப்படி எழுதிப் பார்க்கலாம்: "கதவைத் தள்ளினேன். அடிப்பக்கம் தரையில் உரசிக்கொண்டே பாதி தூரம் வந்து நின்றது. கையை எடுத்தபோது விரல்களில் துரு ஒட்டியிருந்தது." இதில் பெயரடையே இல்லை. ஆனால் தள்ளுகிற எடை இருக்கிறது, உரசும் ஒலி இருக்கிறது, துருவின் சொரசொரப்பும் வாடையும்கூட வந்துவிடுகின்றன. கதவு எவ்வளவு பழையது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. சுவரில் இறங்கிய ஆணி எப்படித் தானே படுத்துக்கொண்டதோ, இதுவும் அப்படியே நடக்கிறது.

உவமை, உருவகம் விஷயத்தில் ஆய்வுகள் சொல்வது கொஞ்சம் சிக்கலானது. 2012-இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில், "அவளுக்கு அது ஒரு கரடுமுரடான நாள்" என்ற வகை ஆங்கில வாக்கியங்களைக் கேட்டவர்களின் மூளையில், பொருள்களின் மேற்பரப்பைத் தொட்டு அறியும் பகுதி இயங்கியது. அதே பொருளை நேரடியாகச் சொன்னபோது அப்படி நடக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு வெளியான வேறொரு ஆய்வில், உடலசைவு சார்ந்த உருவகங்கள் பழகப் பழக, அசைவுக்கான பகுதிகளின் பங்கு குறைவது தெரிந்தது. எல்லா உவமையும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை போலும். ஆனாலும் "நிலவு போன்ற முகம்" என்று படிக்கும்போது யார் நிலவைப் பார்க்கிறார்கள்? தேய்ந்த உவமையைத் தவிர் என்று ஆசிரியர் சொல்வது வெறும் ரசனை சார்ந்த கண்டிப்பு இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

ஐம்புலனில் மாணவர்கள் மிகவும் திணறுவது மணத்தில். கண்ணும் காதும் தரும் செய்திகள் தாலமஸ் என்ற இடைநிலையத்தைத் தாண்டித்தான் மூளையின் வெளி அடுக்கான புறணிக்குப் போகின்றன. மணம் மட்டும் அந்த வழியைச் சுற்றாமல், உணர்ச்சியோடும் நினைவோடும் நெருங்கிய பகுதிகளை நேராகத் தொடுகிறது. அதனால் ஒரு வாடை பட்டவுடன் மனம் எங்கோ போய்விடுகிறது. ஆனால் அதற்குப் பெயர் சொல்ல வாய் வராது. இது மனித மூளையின் மாறாத குறை என்று நெடுங்காலம் கருதினார்கள். மலாய் தீபகற்பத்துக் காடுகளில் வாழும் ஜஹாய் மக்களை ஆராய்ந்து அசிஃபா மஜீதும் நிக்லாஸ் புரென்ஹுல்ட்டும் 2014-இல் வெளியிட்ட கட்டுரை அந்த எண்ணத்தை ஆட்டிவிட்டது. ஜஹாய் மக்கள் நிறங்களுக்குப் பெயர் சொல்லும் அதே எளிமையோடு மணங்களுக்கும் பெயர் சொன்னார்கள். ஒப்பிடப்பட்ட ஆங்கிலம் பேசுவோரால் அது முடியவில்லை. அப்படியானால் பழக்கத்துக்கு இதில் பெரிய இடம் இருக்கிறது. தினம் ஒரு மணத்தை முகர்ந்து இரண்டு வரி எழுதும் பயிற்சியைப் பள்ளியில் வைக்கலாம், செலவே இல்லை.

சொல்லின் ஓசையும் இதில் சேர்கிறது. 1929-இலேயே உளவியலாளர் வுல்ஃப்காங் கோலர் கவனித்ததுதான்: அர்த்தமில்லாத இரண்டு சொற்களைக் கொடுத்தால், மழுங்கிய ஓசையை வளைந்த உருவத்துக்கும், வெட்டும் ஓசையைக் கூர்மையான உருவத்துக்கும் மக்கள் பொருத்துகிறார்கள். "பௌபா", "கிகி" என்ற சொற்களோடு 25 மொழிகள் பேசுவோரிடம் இதைச் சோதித்த ஆய்வில், ஏறக்குறைய பத்தில் ஏழு பேர் அப்படியே பொருத்தினார்கள். தமிழில் எழுதும் மாணவருக்கு இந்த வகையில் பெரிய கொடுப்பினை உண்டு. பிசுபிசு, நறநற, சரசர, மொறுமொறு என்று தொடுகையையும் ஒலியையும் நாக்கிலேயே செய்துகாட்டும் இரட்டைக்கிளவிகள் கொட்டிக்கிடக்கின்றன. இவற்றைப் பேச்சு வழக்கு என்று கட்டுரையிலிருந்து ஒதுக்குவது எனக்குப் புரியவே இல்லை.

சரி, இதையெல்லாம் அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பகுதி இயங்குகிறது என்பதாலேயே, பொருள் புரிய அது கட்டாயம் தேவை என்று ஆகிவிடாது. புரிந்த பிறகு எழும் எதிரொலியாகவும் இருக்கலாம் என்று பிராட்ஃபோர்ட் மஹோனும் அல்ஃபோன்சோ கரமாஸாவும் 2008-இல் வாதிட்டார்கள். பிறவியிலேயே பார்வையில்லாதவர்கள் பார்வை சார்ந்த சொற்களை நுட்பமாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதும் இந்த வாதத்துக்கு வலு சேர்க்கிறது. விவாதம் இன்னும் ஓயவில்லை.

வகுப்பறைக்கு இன்னொரு விஷயம் மிக முக்கியம். மனக்கண்ணில் படமே வராதவர்கள் இருக்கிறார்கள். ஃபிரான்சிஸ் கால்டன் 1880-இலேயே இதைக் குறித்து வைத்தார். 2015-இல் ஆடம் ஜெமன் குழுவினர் இதற்கு அஃபேன்டேசியா என்று பெயரிட்டார்கள். 2021-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இப்படிப்பட்டவர்களுக்குத் திகில் கதைகளைப் படிக்கக் கொடுத்து, தோலின் மின்கடத்தும் திறனை அளந்தார்கள். பயந்தால் லேசாக வியர்த்து அந்த அளவு ஏறும். மற்றவர்களுக்கு ஏறியது; இவர்களுக்குக் கிட்டத்தட்ட அசையவே இல்லை. திகிலூட்டும் படங்களைக் காட்டியபோதோ இரு தரப்பும் ஒன்றுபோலவே பயந்தார்கள்.

ஆகவே "கவிதையைப் படித்ததும் என்ன காட்சி தெரிந்தது?" என்று மட்டும் கேட்டால், சில பிள்ளைகளிடம் அவர்களிடம் இல்லாத ஒன்றைக் கேட்கிறோம், அவர்களும் வேறு வழியில்லாமல் "அழகான காட்சி தெரிந்தது" என்று எழுதி வைக்கிறார்கள். கேள்வியை மாற்றலாம்: எந்தச் சொல்லில் வேகம் குறைந்தது? எந்த வரியில் உனக்குள் ஏதோ மாறியது, அது உடம்பில் எங்கே தெரிந்தது? அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் அது போய்விடுகிறதா? "மூன்றாவது வரியில் 'உரசி' என்ற சொல் வந்ததும் பல் கூசியது, 'பட்டு' என்று மாற்றிப் படித்தேன், கூசவில்லை" என்று ஒரு மாணவர் எழுதினால் அது முழுமையான இலக்கிய விமர்சனம். படமே தெரியாத மாணவர் ஓசையைப் பற்றியோ, வரி முறியும் இடத்தைப் பற்றியோ, பாத்திரம் எடுத்த முடிவைப் பற்றியோ அதே துல்லியத்தோடு எழுதினால் அதற்கும் அதே மதிப்பெண்தான் தர வேண்டும்.