வீடெல்லாம் மணக்கும் சைடர், கோப்பையில் மணக்காதது ஏன்?

அமெரிக்காவில் குளிர்காலப் பண்டிகை வந்துவிட்டால் அடுப்பில் ஒரு பெரிய பாத்திரம் ஏறிவிடும். உள்ளே ஆப்பிள் சைடர். அதில் பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, ஆரஞ்சுத் தோல். கொதி வந்த பத்து நிமிடத்தில் வாசல் வரை மணக்கும். ஆனால் கோப்பையில் ஊற்றிக் குடித்துப் பார்த்தால் பல நேரம் ஏமாற்றமே மிஞ்சும். புளிப்புத் தட்டிய சர்க்கரைத் தண்ணீர், மேலே கொஞ்சம் கிராம்புக் காரம், அவ்வளவுதான். பட்டையும் கிராம்பும் மட்டமானவை என்று நினைத்துக்கொள்வோம். உண்மையில், கோப்பையில் இருந்திருக்க வேண்டிய வாசனைதான் வீடு முழுக்கப் பரவிக் கிடக்கிறது.

முதலில் சைடர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் சைடர் என்றால் ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த மது. அமெரிக்காவில் அந்தச் சொல் பெரும்பாலும் வடிகட்டாத, கலங்கலான, பழுப்பு நிறச் சாற்றையே குறிக்கும். ஆப்பிளை அரைத்ததும் அதன் திசுக்கள் உடைந்து, உள்ளிருக்கும் நொதி காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துப் பாலிஃபீனால் என்ற பொருள்களைப் பழுப்பாக்குகிறது. நறுக்கிவைத்த ஆப்பிள் கறுப்பதும் இதனால்தான். இதமான சூட்டில் சைடரைப் பருகும் வழக்கத்துக்கு இங்கிலாந்தில் நீண்ட வரலாறு உண்டு. தென்மேற்கு இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் ஜனவரி மாதம் ஆப்பிள் தோட்டத்துக்குப் போய், மரங்களை வாழ்த்திச் சைடர் குடிக்கும் 'வாசெயில்' சடங்கு இன்றும் நடக்கிறது. அந்தச் சொல்லுக்கு 'நலமாக இரு' என்று பொருள். சில ஊர்களில் அது ஜனவரி 17 அன்று வரும். 1752இல் நாட்காட்டி மாறியதை ஏற்காமல் பழைய கணக்கையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனி வாசனைக்கு வருவோம். பட்டையின் மணம் சின்னமால்டிஹைடு என்ற பொருளிலிருந்து வருகிறது. கிராம்பின் மணம் யூஜினால். சின்னமால்டிஹைடு சுமார் 248 டிகிரி செல்சியஸில் கொதிக்கும்; யூஜினால் 254 டிகிரியில். சைடரோ 100 டிகிரியை ஒட்டியே கொதிக்கிறது. பிறகு இவை எப்படிப் பறந்துபோகின்றன?

இவை எண்ணெய்த் தன்மை கொண்டவை. தண்ணீருக்கும் இவற்றுக்கும் அவ்வளவாக ஒத்துவராது. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு, இடையில் அகப்பட்ட எண்ணெய் மூலக்கூறை ஒதுக்கித் தள்ளப் பார்க்கின்றன. அது மேற்பரப்புக்கு வந்துவிட்டால் திரும்ப உள்ளே இழுக்க ஆளில்லை. எழும் நீராவியோடு சேர்ந்து காற்றுக்குப் போய்விடும். பூக்களிலிருந்தும் பட்டைகளிலிருந்தும் வாசனை எண்ணெய் எடுக்கும் ஆலைகளில் நீராவியைச் செலுத்துவது இந்த உத்திக்காகத்தான். மூடாத பாத்திரத்தில் தளதளவென்று கொதிக்கும் சைடர் அந்த ஆலையின் வேலையைத்தான் செய்கிறது. குளிரவைத்துப் பிடிக்க ஏற்பாடு இல்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

ஆகவே செய்ய வேண்டியது இரண்டு. மூடி போட வேண்டும். எழும் ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து திரும்பச் சொட்டும். கொதிக்கவும் விடக்கூடாது. 75 முதல் 80 டிகிரி போதும். அடியிலிருந்து ஒன்றிரண்டு சின்னக் குமிழி எழுந்து, மேலே லேசாக ஆவி படர்ந்தால் அதுதான் பதம். கொதித்தால் ஆப்பிளுக்கும் நஷ்டம். புது ஆப்பிளைக் கடிக்கும்போது வரும் மணம் எஸ்டர்கள் என்ற லேசான மூலக்கூறுகளால் ஆனது. முதலில் ஓடிப்போவது அவைதான். நேரம் ஆக ஆக டமாசினோன் என்ற வேறொரு பொருள் வெளிப்பட்டு, வேகவைத்த ஆப்பிளின் வாடை வந்துவிடும். அதுவும் நல்ல வாசனைதான், ஆனால் அது பழச்சாற்றின் வாசனை அல்ல.

எந்தச் சரக்கு எவ்வளவு போடுவது? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 2.5 கிராம் யூஜினாலைக் கரைத்துக்கொள்ளும். சின்னமால்டிஹைடு என்றால் 1.4 கிராம். அன்னாசிப்பூவின் அனித்தோல் 0.1 கிராம் அளவே. ஆரஞ்சுத் தோலின் லிமோனீனோ வெறும் 14 மில்லிகிராம். எல்லாம் ஒரே பாத்திரத்தில் இருந்தாலும் தண்ணீர் எல்லாரையும் ஒன்றுபோல் வரவேற்பதில்லை. போதாக்குறைக்கு, உலர்ந்த கிராம்பு மொட்டின் எடையில் 15 முதல் 20 சதவீதம் எண்ணெய். பட்டையில் சில சதவீதம்தான். நாலு கிராம்பு கூடுதலாக விழுந்தால் பல் வைத்தியரின் அறை நினைவுக்கு வருவது இதனால்தான். அங்கே பயன்படும் கிராம்பெண்ணெயிலும் யூஜினால்தான் முதன்மை. வாயை மரத்துப்போகச் செய்வதும் அதுவே. இரண்டு லிட்டர் சைடருக்கு ஆறேழு கிராம்பு தாராளம். பட்டையை நாலு குச்சி வரை போடலாம். அன்னாசிப்பூ ஒன்று போதும். அனித்தோல் சர்க்கரையைவிடப் பல மடங்கு இனிக்கும் பொருள்.

பட்டைக்குப் பொறுமை வேண்டும். அமெரிக்கக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது கேசியா வகை. தடித்த, கெட்டியான சுருள். எண்ணெய் மரத்திசுவுக்குள் அடைபட்டிருக்கிறது. தண்ணீர் உள்ளே ஊறி, எண்ணெய் மெல்ல வெளியே நகர வேண்டும். இப்படி ஊடுருவி நகர்வதற்கு ஒரு கணக்கு உண்டு: தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். அதனால் பட்டையைக் குளிர்ந்த சாற்றிலேயே போட்டுச் சேர்த்துச் சூடாக்கி, முக்கால் மணி நேரமாவது விடுவது நல்லது. அப்படியானால் பொடியே போட்டுவிடலாமே என்று தோன்றும். பொடியிலுள்ள மாவுச்சத்தும் பசையும் வெந்நீரில் ஊதி வழவழப்பாகிவிடும். மிச்சம் கரையாமல் அடியில் தங்கும். வேண்டாம். ஆரஞ்சுத் தோலுக்கு நேர் எதிர் விதி: கடைசிப் பத்து நிமிடத்தில் போட்டால் போதும். உள்பக்க வெள்ளைச் சதையையும் நீக்கிவிடுங்கள். நேரம் கூடக் கூட அதன் கசப்பு இறங்கும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி சர்க்கரையின் கதை. ஆப்பிள் சாற்றில் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை உண்டு. அதில் பாதிக்கு மேல் ஃப்ரக்டோஸ். இந்த மூலக்கூறு ஒரே உருவத்தில் இருப்பதில்லை. குளிரில் பெரும்பாலும் ஆறு அணு வளையமாக இருக்கும். அது மிகவும் இனிக்கும். சூடேற ஏற ஒரு பங்கு ஐந்தணு வளையமாக மாறுகிறது. அதில் இனிப்புக் குறைவு. குளிர்ந்த சாற்றில் சாதாரணச் சர்க்கரையைத் தாண்டி இனித்த ஃப்ரக்டோஸ், 60 டிகிரி வாக்கில் அந்தக் கூடுதல் இனிப்பை இழந்துவிடுகிறது. ஒரு துளிச் சர்க்கரையும் காணாமல் போகவில்லை, ஆனாலும் மாலிக் அமிலத்தின் புளிப்பு முன்னுக்கு வருகிறது. 1785இல் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே ஆப்பிள் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த அமிலம் அது. ஆகவே சர்க்கரை சேர்ப்பதாக இருந்தால், குடிக்கும் சூட்டில் ருசி பார்த்துச் சேருங்கள். சூடு ஆறினால் ஃப்ரக்டோஸ் பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும், இனிப்பும் கூடவே வரும்.

குடிக்கும்போது மார்பெல்லாம் கதகதப்பாவதற்குச் சூடு மட்டும் காரணமல்ல. 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணரும் டிஆர்பிவி1 என்ற புரதத்தை, இஞ்சி சேர்த்திருந்தால் அதன் காரப்பொருளான ஜிஞ்சராலும் தூண்டும். இந்தப் புரதத்தைக் கண்டறிந்த டேவிட் ஜூலியசுக்கு 2021இல் மருத்துவ நோபல் கிடைத்தது. பட்டையின் சின்னமால்டிஹைடு அதற்கு உறவான இன்னொரு புரதத்தைத் தூண்டி மெல்லிய எரிச்சலைத் தருகிறது. நரம்பு இரண்டையும் காரமான சூடாகவே மூளைக்குச் சொல்கிறது.

பாதுகாப்பு பற்றியும் சொல்ல வேண்டும். கிருமி நீக்காத சைடரால் ஈ.கோலை ஓ157 என்ற பாக்டீரியா பரவி மக்கள் நோயுற்ற சம்பவங்கள் 1990களில் அமெரிக்காவில் நடந்தன. குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் குடிப்பதாக இருந்தால் பாஸ்டர் முறையில் பதப்படுத்திய சைடரையே வாங்குங்கள். பதப்படுத்தாததுதான் கிடைக்கிறது என்றால், பட்டை போடுவதற்கு முன்பே சாற்றை மட்டும் ஒருமுறை நன்றாகக் கொதிக்கவைத்துவிடுங்கள். கொஞ்சம் ஆப்பிள் மணம் போகும், போகட்டும். அப்புறம், ஊற்றியவுடன் குடிக்க வேண்டாம். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயோடு தொடர்புள்ளவையாக இருக்கலாம் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியிருக்கிறது. கோப்பையில் சில நிமிடம் ஆறவிட்டால் நாக்குக்கும் நல்லது, ஃப்ரக்டோஸுக்கும் நல்லது.

மிச்சம் இருந்தால் பட்டை, கிராம்பு, தோல் எல்லாவற்றையும் வடிகட்டிய பிறகே ஃபிரிட்ஜில் வையுங்கள். குளிரிலும் அவை மெல்ல இறங்கிக்கொண்டேதான் இருக்கும். மறுநாள் காலை கிராம்பு மட்டுமே பேசும்.