முதலீடு: பஸ்ஸுக்குச் சட்டை மாற்றினால் போதுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஓர் ஒட்டுக்கடை. தே தாரிக் ஆறிக்கொண்டிருக்க, பஸ் பேச்சு சூடு பிடித்துவிட்டது. நகருக்குள் ஓடும் பழைய பஸ்களுக்குக் கம்பெனி பணம் போட்டிருக்கிறதாம். “புது பெயிண்ட், புது சீட் உறை. இதுவும் முதலீடுதானே லா, தம்பி” என்றார் முன்பு கண்டக்டராக இருந்த பெரியவர். “உள்ளே அதே கிழட்டு இன்ஜின்தானே அண்ணே” என்றார் பக்கத்தில் இருந்த ஆசிரியர். பஸ்ஸை விட்டுவிட்டு நான் ‘முதலீடு’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலச் சொல்லை வைத்துப் பார்த்தால் பெரியவர் கட்சிதான் ஜெயிக்கும். இன்வெஸ்ட் என்பது ஆடையைக் குறிக்கும் ‘வெஸ்டிஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. முதலில் அதற்கு உடுத்திவிடுதல், பதவிக்கான அங்கியை அணிவித்தல் என்றுதான் பொருள். பணத்துக்கு வேறோர் உருவம் கொடுப்பது என்ற கருத்து இத்தாலிய வணிகர்களின் வழக்கு. 17ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்திய வணிகத்தின் வழியாக ஆங்கிலத்தில் நுழைந்தது. ஆக, பஸ்ஸுக்குப் புதுச் சட்டை போட்டாலும் அந்தக் கணக்கில் சேரும்!

தமிழ்ச் சொல் அப்படி விட்டுக்கொடுக்காது. முதல் + ஈடு = முதலீடு. ‘இடு’ என்ற வினை நீண்டு ‘ஈடு’ ஆகிறது. கெடு கேடாவது போல, சுடு சூடாவது போல. மதிப்பீடு, ஒதுக்கீடு, காப்பீடு எல்லாம் இதே வார்ப்புதான். முதலை இடுவது முதலீடு, அவ்வளவுதான். வீட்டில் சொல்லும் ‘முதல் போடுறது’ இதன் பேச்சு வடிவம்.

அந்த ‘முதல்’ மிகப் பழைய சொல். “முதலிலார்க்கு ஊதியம் இல்லை” என்கிறது திருக்குறள் (449). முதல் இல்லாதவருக்கு லாபம் கிடையாது என்பது பொருள். இன்று சம்பளத்தைக் குறிக்கும் ‘ஊதியம்’ அங்கே லாபம். தொடக்கம், வேர் என்ற பொருளும் ‘முதலு’க்கு உண்டு. எதிலிருந்து மற்றது முளைக்கிறதோ அது முதல். முதலை ஆள்பவர் முதலாளி. மூலதனம் என்பது வடமொழி வழி வந்த கூட்டுச்சொல். பாடப்புத்தகத்தில் இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு ‘முதல்’ போதும். மலாய்க்காரரும் இதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். முதலீட்டுக்கு அவர்கள் ‘பெலாபுரான்’ என்றாலும், கடை வைக்கத் தேவைப்படும் ‘மொடால்’ நம் முதல்தான். அந்தக் கடையே ‘கெடாய்’ ஆகிவிட்டதே!

எங்கள் ஊரில் இந்தச் சொல்லை அகராதி பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தோட்டத் துண்டாடலில், அதாவது பெரிய ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றதில், பால்மரக்காடுகள் கைமாறி, தொழிலாளர்கள் லயத்து வீட்டையும் வேலையையும் இழந்துகொண்டிருந்த காலம். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் இந்த ஊரில் பிறந்தவர், இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். பால் வெட்டிய காசில் பங்கு வாங்கி, தோட்டங்களையே வாங்கினார்கள். முதலீடு என்றால் அது.

சரி, பஸ்ஸுக்கு வருவோம். பல ஆண்டுகளுக்குப் பலன் தரப்போவதில் போடும் பணம் முதலீடு. டயர், எண்ணெய், பெயிண்ட், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் புஸ்பாகோம் வாகனத் தகுதிச் சோதனை எல்லாம் பராமரிப்புச் செலவு. அவசியமான செலவுதான், யார் இல்லை என்றது? இன்னொரு சொல்லும் இங்கே வேண்டும்: தேய்மானம். ஓட ஓட பஸ்ஸின் மதிப்பு குறைவது. ஆண்டுதோறும் தேய்கிற அளவுக்காவது புதிதாக முதல் போடாவிட்டால், கம்பெனி முதலையே தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ‘முதலுக்கே மோசம்’ என்பார்களே, அதுதான். ஏட்டில் லாபம் தெரியும், பஸ் மேட்டில் நிற்கும்.

“அப்போ இன்ஜினை இறக்கி முழுசாப் புதுப்பிச்சா?” என்று கேட்டார் பெரியவர். நல்ல கேள்வி. பஸ்ஸின் ஆயுள் சில ஆண்டுகள் கூடுமானால் கணக்கரும் அதை முதலீட்டில்தான் எழுதுவார். நின்றுபோன பஸ்ஸை மறுபடி ஓடவைக்கும் அளவுக்கு மட்டும் என்றால், செலவு.