ஜக்கார்டு பெட்டி இருந்தால் கைத்தறி இல்லையா?

போன மாதம் கோவையில் ஒரு ஜவுளி ஆர்வலர் குழுவுக்குத் தறியின் வரலாறு பற்றிப் பேசப் போயிருந்தேன். முப்பது பேர் இருப்பார்கள். என்னோடு காஞ்சிபுரத்திலிருந்து ஒரு நெசவாளர் அண்ணனும் வந்திருந்தார். அவர் நெய்த கோர்வைப் புடவையை, அதாவது உடலையும் கரையையும் தனித்தனி நூலால் நெய்து கோர்த்த புடவையை, மேசைமேல் விரித்து வைத்திருந்தோம். அரக்கு உடல், பச்சைக் கரை, கரையில் வரிசையாக அன்னங்கள். அவருடைய தறியின் படத்தைத் திரையில் காட்டினேன். தறிக்கு மேலே, பூ வடிவத்துக்காக ஓட்டை குத்திய அட்டைகளோடு ஜக்கார்டு பெட்டி மாட்டியிருந்தது. உடனே முன்வரிசையில் ஒருவர் எழுந்து, “மேலே ஜக்கார்டு பெட்டி தெரியுதே, அப்போ இது மெஷின்ல நெய்ததுதானே? கைத்தறின்னு எப்படிச் சொல்றீங்க?” என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் கேட்டுவிட்டார்: “அப்போ பதினெட்டு நாளா நானும் என் வீட்டுக்காரம்மாவும் அந்தத் தறியில என்னம்மா பண்ணிட்டிருந்தோம்?”

கேட்டவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் இந்த வருடத்தில் மட்டும் நான்காவது முறையாக இதே கேள்வி. அதில் ஒருவர், முன்பணம் கொடுத்து நெய்யச் சொன்ன புடவையை, தறியை நேரில் பார்த்த பிறகு “இது ஒரிஜினல் கைத்தறி இல்லை” என்று சொல்லி விட்டுவிட்டே போய்விட்டார். பட்டு நூல், ஜரிகை, இரண்டு பேரின் உழைப்பு எல்லாம் அந்த நெசவாளர் தலையில் விழுந்தது. அதற்கப்புறம் இதைப் பற்றி எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

ஜக்கார்டு பெட்டி நெய்வதில்லை. தயவுசெய்து இதை ஒருமுறை நிறுத்திப் படியுங்கள். ஒவ்வொரு ஊடை, அதாவது குறுக்கு நூல், ஓடும்போதும் நீளவாக்கில் இருக்கும் பாவு நூல்களில் எவை மேலே எழ வேண்டும், எவை கீழே இருக்க வேண்டும் என்பதை மட்டும்தான் அது சொல்லும். அதையும் தானாகச் சொல்லாது. நெசவாளர் காலால் மிதித்தால்தான் பெட்டி தூக்கும், அட்டை ஒன்று நகரும். நூலைத் தூக்கும் கொக்கிகள் 240 உள்ள பெட்டியை ஒரு நாள் முழுக்க மிதித்துப் பாருங்கள். முழங்கால் வலி என்றால் என்னவென்று அப்போது தெரியும். தூக்கிய நூல்களுக்கு நடுவே, ஊடை நூலைச் சுமந்து செல்லும் நாடாவை விடுவது கை. ஊடையை நெருக்கும் பலகையை இழுத்து அடிப்பது கை. ஊடை இறுகிவிட்டதா, தளர்ந்துவிட்டதா என்று விரல் நுனியில் உணர்ந்து சரிசெய்வதும் கைதான். கோர்வை என்றால் மூன்று நாடா. உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. ஒவ்வொரு வரியிலும் உடலின் நூலும் கரையின் நூலும் ஒன்றையொன்று கொக்கிபோலப் பிடித்துத் திரும்ப வேண்டும். அதனால்தான் ஓரத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். அண்ணன் வீட்டில் அது அவருடைய மனைவி. அட்டையில் குத்திய ஓட்டைகளுக்கு இதில் எந்த வேலையும் இல்லை.

இந்தப் பெட்டி வருவதற்கு முன்னால் பூ எப்படி நெய்தார்கள்? ஆள் வைத்துத்தான். நெய்கிறவர் கீழே இருப்பார். இன்னொருவர், பல ஊர்களில் ஒரு சிறுவன், வடிவத்துக்கான கயிறுகளைக் கணக்கு மாறாமல் ஒவ்வொன்றாக இழுப்பார். காசியில் இதற்கு ஜாலா என்று பெயர். காஞ்சிபுரத்தில் பழைய ஆட்கள், அடை என்ற கயிற்றமைப்பைக் கட்டி நெய்ததைச் சொல்வார்கள். சீனாவின் செங்டு நகரில், லாவோகுவான்ஷான் என்ற இடத்துக் கல்லறையில் வடிவம் நெய்யும் தறிகளின் சிறு மாதிரிகள் கிடைத்தன. அவை கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. எந்த நூலைத் தூக்குவது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள ஒரு வழி வேண்டும் என்று மனிதர் அவ்வளவு காலமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிரான்ஸில் லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர்களும் அதையே யோசித்தார்கள். 1725-ல் பாசில் பூஷோன் ஓட்டை போட்ட காகிதச் சுருளைப் பயன்படுத்தினார். பிறகு ஃபால்கோன் அதை அட்டைகளாக மாற்றினார். வோகான்சோன் இன்னும் ஒரு படி போனார். இவர்கள் விட்ட இடத்திலிருந்து ஜோசஃப் மரி ஜக்கார்டு 1804-ல் முடித்தார். கவனியுங்கள், அவர் அதை மாட்டியது கைத்தறியில். அந்தத் தறிகளை வைக்கவே லியோனின் க்ருவா ருஸ் பகுதியில் நாலு மீட்டர் உயரக் கூரையோடு வீடுகள் கட்டினார்கள். இன்றும் அங்கே போனால் அந்த உயரமான ஜன்னல்களைப் பார்க்கலாம். அங்கே நெய்தவர்கள் கையாலும் காலாலும்தான் நெய்தார்கள். 1831-ல் கூலிக்காகத் தெருவில் இறங்கிப் போராடியவர்களும் அவர்கள்தான். பெட்டி பறித்துக்கொண்டது கயிறு இழுத்தவரின் வேலையை. நெய்கிறவரின் வேலை அப்படியேதான் இருந்தது.

மின்சாரத்திலோ நீராவியிலோ ஓடும் தறியின் கதை வேறு. இங்கிலாந்தின் எட்மண்ட் கார்ட்ரைட் 1785-ல் தொடங்கியது அது. பிற்காலத்தில் அதே ஜக்கார்டு பெட்டியை விசைத்தறியிலும் மாட்டினார்கள். குழப்பம் இங்கேதான் ஆரம்பம். சைக்கிளிலும் சக்கரம் உண்டு, லாரியிலும் சக்கரம் உண்டு. சக்கரத்தைப் பார்த்து இரண்டும் ஒன்று என்று சொல்வோமா? தறியை இயக்குவது எது என்று மட்டும் பாருங்கள். சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தில், விசைத்தறி அல்லாத எந்தத் தறியும் கைத்தறிதான். பெட்டி இருக்கிறதா, அட்டை இருக்கிறதா என்று அதில் கேள்வியே இல்லை.

இந்தத் தவறான எண்ணத்துக்கு எங்களைப் போலப் பேச வருகிறவர்களும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். “இரண்டாயிரம் ஆண்டுகளாக மாறாத மரபு” என்று மேடையில் சொல்லிவிடுகிறோம். கேட்கிறவர்களுக்கும் அது பிடிக்கிறது. பிறகு தறியில் ஓர் இரும்பு உறுப்பைப் பார்த்ததும் ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறார்கள். மாறாத தறி என்று எதுவும் கிடையாது. கயிற்றை இழுத்தால் ஓடும் ‘பறக்கும் நாடா’வுக்கு இங்கிலாந்தின் ஜான் கே காப்புரிமை வாங்கியது 1733-ல். சென்னை மாகாணத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் போன்ற ஆங்கிலேய அதிகாரிகள் அதைப் பரப்ப முயன்றது 1900-களின் தொடக்கத்தில். இன்று லுங்கியும் துண்டும் நெய்யும் பெரும்பாலான தறிகளில் நாடா கயிற்றை இழுத்தால் ஓடுகிறது. கோர்வைக்கோ இன்னும் கையால்தான் விடுகிறார்கள். காஞ்சிப் பட்டின் நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. தனக்கு உதவும் ஒரு கருவி வந்தபோதெல்லாம் நெசவாளர் அதைத் தன் தறிக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டார். என்னைக் கேட்டால், கால்வலிக்காகப் பெட்டியைத் தூக்க மட்டும் ஒரு சின்ன மோட்டார் வைத்துக்கொள்ளும் ஐம்பத்தைந்து வயது நெசவாளரிடம் போய்த் தூய்மை பேச எனக்கு மனம் வராது. என் துறையிலேயே பலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பரவாயில்லை.

படைப்பு நெசவு என்று இப்போது நிறையப் பேர் ஆசையாகக் கற்கிறார்கள். மேசைத் தறியில் கம்பளி, வாழைநார், பழைய துணிக்கீற்று எல்லாம் வைத்து நெய்கிறார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் அவர்களில் சிலரும் ஜக்கார்டை ஏளனமாகப் பார்க்கிறார்கள். ஜெர்மனியின் பௌஹாஸ் கலைப் பள்ளியில் பயின்ற நெசவுக் கலைஞர் ஆனி ஆல்பர்ஸ் 1933-ல் அமெரிக்காவின் பிளாக் மவுண்டன் கல்லூரிக்குப் போய் நெசவு கற்பித்தார். இடுப்பில் கட்டி நெய்யும் தறியில் அவருக்கு இருந்த மரியாதை பெரியது. தொழிற்சாலைக்கான துணி வடிவமைப்பையும் அவர் ஒதுக்கவில்லை. நம் ஊரில் சென்னை நெசவாளர் சேவை மையத்தில் ஓவியர்கள் பலர் வடிவமைப்பாளர்களாக வேலை பார்த்தார்கள். அவர்கள் வரைந்ததைக் கட்டம் போட்ட தாளில் கட்டம் கட்டமாக மாற்றி, அட்டையில் குத்தி, தறியில் ஏற்றினால்தான் துணியாகும். ஒரு கட்டம் பிசகினால் அன்னத்தின் கழுத்து உடைந்து நிற்கும். கற்பனை இல்லாமலா இதெல்லாம் நடக்கும்?

சரி, வாங்கும்போது என்ன பார்ப்பது என்று எப்போதும் கேட்பீர்கள்.

பட்டு முத்திரையை வைத்துக் கைத்தறி என்று முடிவு செய்யாதீர்கள். மத்தியப் பட்டு வாரியத்தின் ஏற்பாட்டில் 2004-ல் வந்த அந்த முத்திரை, நூல் சுத்தமான பட்டு என்று மட்டும்தான் சொல்லும். விசைத்தறியில் நெய்த பட்டுக்கும் அது கிடைக்கும். கைத்தறிக்கு 2006-ல் வந்த கைத்தறி முத்திரை தனி. அதைக் கேளுங்கள். ரசீதில் ‘கைத்தறி’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

ஓரத்தில் ஊசித் துளை இருந்தால் கைத்தறி என்று ஒரு நம்பிக்கை சுற்றுகிறது. துணி சுருங்காமல் ஓரங்களை இழுத்துப் பிடிக்கும் அமைப்பு விசைத்தறியிலும் உண்டு, அதுவும் துளை விடும். பின்பக்கம் நூல் தொங்கினால் இது, தொங்காவிட்டால் அது என்பதும் அப்படித்தான். தொங்கும் நூலைக் கைத்தறியிலும் வெட்டலாம், விசைத்தறியிலும் வெட்டலாம். கோர்வைப் புடவையில் மட்டும் உடலும் கரையும் சேரும் கோட்டைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு நிற நூல்களும் ஒன்றையொன்று கொக்கி போட்டுத் திரும்பும் தடம் தெரியும். சாதாரண விசைத்தறி அதை அப்படியே செய்யாது.

முடிந்தால் தறி இருக்கும் வீட்டுக்குப் போங்கள். போனால் பெட்டியை நோட்டம் விடாமல், நெய்கிறவரின் காலையும் கையையும் பாருங்கள். அங்கே நின்றுகொண்டு “இது மெஷின்தானே” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணனின் புடவையை அன்று யாரும் வாங்கவில்லை. கேள்வி கேட்ட அம்மா மட்டும் கூட்டம் முடிந்ததும் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கரையின் கோட்டைத் திருப்பிக் காட்டச் சொல்லி நெடுநேரம் பார்த்தார். அடுத்த மாதம் காஞ்சிபுரம் வருகிறாராம், தறிக்குழியில் உட்கார்ந்து ஒரு வரியாவது நெய்து பார்க்க வேண்டுமாம்.

உங்கள் குழுவுக்கும் பேச வருகிறேன். மாதிரி ஜக்கார்டு பெட்டியோடு ஒரு சின்னத் தறியும் கொண்டு வருவேன். நல்ல வெளிச்சமும் உறுதியான மேசையும் இருந்தால் போதும். கூட வரும் நெசவாளருக்கு அந்த ஒரு நாள் தறி நிற்கும். அந்த நாளுக்கான கூலியை நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், அவராகக் கேட்க மாட்டார்.