காம்பயர்: கச்சேரியில் பேசுகிறவருக்கு என்ன பெயர்?

மார்கழி வந்தால் தொலைக்காட்சியிலும் கச்சேரி வந்துவிடுகிறது. தம்புரா சுருதி கூடிக்கொண்டிருக்கும்போதே பட்டு உடுத்திய ஒரு நடிகையோ, முகம் தெரிந்த ஒரு நடிகரோ திரையில் நின்று, பாடப்போகிறவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்கிறார். பாளையங்கோட்டையில் உட்கார்ந்து பார்க்கும் பெரியவர்கள் அவரைக் ‘காம்பயர்’ என்பார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு அவர் ‘ஆங்கர்’. பத்திரிகையில் ‘தொகுப்பாளர்’ என்று அச்சாகும். ஒரே ஆளைத்தான் மூன்று பெயராலும் சொல்கிறோம். ஆனால் ஒவ்வொரு பெயரும் அவரிடம் வேறு வேறு வேலையை எதிர்பார்க்கிறது.

முதலில் காம்பயர். இது பிரெஞ்சு மொழியின் ‘கொம்பேர்’. அதற்கு மூலம் லத்தீனின் ‘கொம்பாத்தெர்’, அதாவது கூடத் தகப்பனாக நிற்பவர். ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்கும் ஞானத்தகப்பனை அப்படிச் சொன்னார்கள். தூத்துக்குடி, மணப்பாடு பக்கத்துக் கத்தோலிக்கர்களுக்கு இந்த உறவு நன்றாகத் தெரியும். நாம் போர்த்துக்கீசியரிடமிருந்து வாங்கிக்கொண்ட ‘பாதிரி’யும் அதே லத்தீன் ‘பாத்தெர்’ வழியாக வந்த சொல்தான். அப்படிப் பார்த்தால் பாதிரியாரும் காம்பயரும் ஒரே வேரிலிருந்து வந்தவர்கள். பிரெஞ்சில் கொம்பேர் மெல்லக் ‘கூட்டாளி’ ஆகி, பிறகு பல துண்டு நிகழ்ச்சிகள் கொண்ட மேடையில் ஒன்றையும் அடுத்ததையும் இணைத்துப் பேசுகிறவரைக் குறித்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலம் அந்தப் பொருளிலேயே அதை எடுத்துக்கொண்டது. அங்கிருந்து நம் ஆண்டு விழா மேடைக்கு வந்து, ‘இந்த வருஷம் காம்பயரிங் பண்றது யாரு?’ என்று கேட்கும் அளவுக்கு நம்முடையதாகிவிட்டது.

ஆங்கர் என்றால் நங்கூரம். நங்கூரமும் தமிழில் பிறந்ததில்லை, பாரசீகத்தின் ‘லங்கர்’ வழியாக வந்தது. தொலைக்காட்சியில் இந்தச் சொல்லை நிலைநிறுத்தியது 1952இல் அமெரிக்கக் கட்சிகள் சிகாகோவில் நடத்திய மாநாடுகளின் ஒளிபரப்பு. பல இடங்களிலிருந்து பல நிருபர்கள் பேச, நடுவில் ஒருவர் அசையாமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிடித்து வைத்திருந்தார். சிபிஎஸ் தொலைக்காட்சியின் வால்டர் குரோன்கைட்தான் அவர். இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. இதே குரோன்கைட், பிற்காலத்தில் வியன்னா புத்தாண்டு இசைக் கச்சேரியை அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் வழங்கியவர். 1980களின் நடுவில் தொடங்கி 2008 வரை செய்தார். 2009இல் அந்த இடத்துக்கு நடிகை ஜூலி ஆண்ட்ரூஸ் வந்தார். ஆக, செவ்வியல் இசைக்குப் பிரபல முகத்தை முன்னால் நிறுத்தும் வழக்கம் நம்மூரில் மட்டும் உள்ளதில்லை. ஒரு பேர்பெற்ற செய்தியாளரிடமிருந்து ஒரு பேர்பெற்ற நடிகைக்கு அது கைமாறியதை அமெரிக்காவே பார்த்தது.

ஆனால் நங்கூரம் கச்சேரிக்கு ஒட்டாது. கச்சேரியைப் பிடித்து வைத்திருப்பது சுருதியும் தாளமும். அந்த வேலைக்கு வெளி ஆள் வேண்டாம்.

சரி, ‘தொகுப்பாளர்’? நல்ல தமிழ்ச் சொல், சந்தேகமே இல்லை. ‘தொகு’ என்றால் ஒன்றுசேர்த்தல். சங்கப் பாடல்களைச் சேர்த்த காலத்திலேயே இந்தச் சொல்லை நம்மவர்கள் நுட்பமாகக் கையாண்டார்கள். அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவர் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி என்று பழைய குறிப்பு பிரித்துச் சொல்கிறது. வேலையைச் செய்தவர் ஒருவர், செய்வித்தவர் இன்னொருவர். இன்றைக்கு நிகழ்ச்சித் தயாரிப்பாளரைத் ‘தொகுப்பித்தவர்’ என்றால் கச்சிதமாகப் பொருந்தும். பாட்டு, நடனம், நகைச்சுவை என்று பலதும் வரும் ஒரு நட்சத்திர விழாவில் நடுவில் நின்று கோக்கிறவரைத் தொகுப்பாளர் என்பதும் சரிதான்.

கச்சேரியில் தொகுக்கிற வேலையை யார் செய்கிறார்? பாடுகிறவரே செய்கிறார். வர்ணத்தில் தொடங்கி, கிருதிகள், விரிவான ஆலாபனை, தாள வாத்தியக்காரர்கள் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடா எனும் சின்னப் பாட்டுகள், மங்களம் என்று அந்த வரிசை பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் காலத்தில் உறுதிப்பட்டது. எந்த ராகத்துக்குப் பின் எது, எங்கே விறுவிறுப்பு, எங்கே விளம்பம் என்பதெல்லாம் பாடகரின் கணக்கு. ஆலாபனை முடிந்து வயலின் வாசித்து, கிருதியின் பல்லவி எடுக்கும் அந்த நொடியில் வேறு ஒருவர் பேசுவதற்கு இடமே கிடையாது. அங்கே கேமரா பிரபலத்தின் முகத்துக்குத் திரும்பினால் ராகம் அறுந்துபோகும். எனக்கு அதைப் பார்க்கத் தாங்குவதில்லை.

அப்படியானால் அவருக்கு மிச்சம் இருக்கும் வேலை அறிவிப்பது. யார் வருகிறார், என்ன ராகம், என்ன தாளம், யார் இயற்றியது. இந்த வேலைக்குத் திருநெல்வேலிச் சீமையிலேயே பழைய பெயர் இருக்கிறது: கட்டியக்காரன். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில், குற்றாலநாதர் பவனி வருவதற்கு முன்னால் கட்டியக்காரன் வருகிறான். மார்பில் பூணூல், கையில் நீண்ட பிரம்பு. ‘பவனி எச்சரிக்கை’ கூறுவது அவன் பணி. ‘எச்சரிக்கை’ என்பதை இங்கே பயமுறுத்தல் என்று படிக்கக் கூடாது. சுவாமி வருகிறார், கவனமாக இருங்கள் என்று விழிப்பூட்டுவது. அவன் சொல்லி முடித்து ஒதுங்கியதும் பவனி. அவன் பவனிக்குள் நுழைவதில்லை.

கோயிலில் அந்த வேலையை நாகஸ்வரமே செய்வதும் உண்டு. சுவாமி புறப்படும்போது வாசிக்கும் மல்லாரி கேட்டால், நாலு தெரு தள்ளி இருப்பவருக்கும் விஷயம் தெரிந்துவிடும். காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) வாசித்த காலத்துக் கோயில் கச்சேரிக்குக் காம்பயர் ஏது? ராகம் தெரியாதவர் பக்கத்தில் இருப்பவரிடம் ‘அண்ணாச்சி, இது என்ன ராகம்?’ என்று கேட்டுத் தெரிந்துகொள்வார். வில்லுப்பாட்டிலும் அப்படித்தான், கதை சொல்லுவதும் பாடுவதும் புலவர் ஒருவரே.

தனி ஆள் வந்து சொல்லும் முறையைப் பழக்கியது வானொலி. முகம் தெரியாத இடத்தில் பெயரும் ராகமும் யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும். அகில இந்திய வானொலியின் தேசிய இசை நிகழ்ச்சி 1952இல் தொடங்கியது. திருநெல்வேலி நிலையம் 1963இல் வந்தது. அதே காலத்தில் இலங்கை வானொலியும் நம் கடற்கரை ஊர்களில் தெளிவாகக் கேட்டது. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது ஆகியோரை மக்கள் ‘அறிவிப்பாளர்’ என்றே சொன்னார்கள். குரலாலும் உச்சரிப்பாலும் அவர்களே பிரபலமானார்கள். முகத்தால் பெயர் வாங்கியவரைக் கூட்டிவந்து பேசவைப்பதற்கும் இதற்கும் உள்ள தூரம் அதிகம்.

அதற்காக நடிகர்கள் வரவே கூடாது என்று சொல்லமாட்டேன். கச்சேரியே கேட்காத ஒரு வீட்டில், தெரிந்த முகத்துக்காக அலைவரிசையை மாற்றாமல் பத்து நிமிடம் உட்காருகிறார்கள் என்றால் அது லாபம்தான். அந்தப் பத்து நிமிடத்தில் அவர் என்ன சொல்கிறார் என்பதுதான் கேள்வி. முத்துசுவாமி தீட்சிதர் கிருதி வரும்போது, அவர் 1835இல் எட்டயபுரத்தில் காலமானார், சமாதி அங்கேதான் இருக்கிறது, சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற இசை நூல் 1904இல் வெளிவந்ததும் அதே ஊரிலிருந்துதான் என்று சொன்னால், கோவில்பட்டியில் பார்த்துக்கொண்டிருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். பாடகியின் புடவையைப் பற்றிச் சொன்னால் மாட்டார். ராகப் பெயரும் தாளமும் திரையின் அடியில் எழுத்தாகவே ஓடும் இந்தக் காலத்தில், வாயால் சொல்லவேண்டியது இந்த மாதிரிச் செய்திதான்.

ஆகவே கச்சேரி ஒளிபரப்பில் பேசுகிறவரை ‘அறிவிப்பாளர்’ என்று எழுதலாம். பொதுவாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘வழங்குநர்’ போதும். அது றன்னகரம் (ன) போட்டு ‘வழங்குனர்’ ஆகாது. ‘இயக்குநர்’ போலத் தந்நகரம் (ந) தான். ‘நெறியாளர்’ என்பதை விவாத மேடைக்கு விட்டுவிடலாம், அங்கே நெறிப்படுத்த நாலு பேர் இருக்கிறார்கள். ‘கட்டியக்காரர்’ என்று இன்றைய திரையில் போட்டால் பலருக்குப் புரியாது, ஆனால் ஊர்க் குறவஞ்சி நாடகம் போடுகிறவர்கள் அதை விடாமல் வைத்துக்கொள்ளலாம். அப்புறம், ‘தொகுப்பாளினி’ என்று பெண்களுக்குத் தனியாக ஒன்று புழங்குகிறது. எழுத்தாளர், பேச்சாளர் போல ‘ஆளர்’ இருபாலுக்கும் பொது. அறிவிப்பாளரும் அப்படியே.