டிவி வாங்கும்போது கருப்பைப் பாருங்கள்

“வீட்டில் பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது. விளையாடவும் வேண்டும், வார இறுதியில் எல்லோரும் உட்கார்ந்து படம் பார்க்கவும் வேண்டும். 45,000 ரூபாய்க்குள் 55 அங்குல டிவி எதை வாங்கலாம்? கடையில் எல்லாமே ஒன்றுபோலப் பளிச்சென்று இருக்கின்றன” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய வரியோடு 45,000-க்கு விற்ற டிவி, புதிய வரியில் 41,500 ரூபாயை ஒட்டி வர வேண்டும். பில்லில் முதலில் அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மாடல் பெயர் எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. இன்று சொல்லும் மாடல் அடுத்த பொங்கலுக்குக் கடையில் இருக்காது. ஆனால் திரைக்குள் நடக்கும் இயற்பியல் ஒன்றுதான். அது புரிந்துவிட்டால், கடையில் எந்தப் பெட்டி முன்னால் நின்றாலும் நீங்களே தீர்மானித்துவிடலாம்.

கடையில் எல்லாம் ஒன்றுபோலத் தெரிவதற்குக் காரணம், எல்லா டிவியையும் ‘விவிட்’ மோடில், முழு வெளிச்சத்தில், பட்டப்பகல் போன்ற விளக்குகளுக்கு அடியில் வைத்திருப்பதுதான். அங்கே வெள்ளையும் சிவப்பும் மட்டுமே கண்ணில் படும். வித்தியாசம் தெரிவது வீட்டில், விளக்கை அணைத்துவிட்டுப் படம் போட்ட பிறகு. அப்போது காட்டிக்கொடுப்பது கருப்பு.

சினிமாக்காரர்கள் ‘ஸ்கோப்’ என்று சொல்லும் அகலத் திரைப் படங்களில் அகலம் உயரத்தைப்போல 2.39 மடங்கு. டிவி திரையோ 16-க்கு 9, அதாவது 1.78 மடங்கு. 55 அங்குல டிவியின் அகலம் சுமார் 122 சென்டிமீட்டர், உயரம் 68.5 சென்டிமீட்டர். ஸ்கோப் படம் அதில் 51 சென்டிமீட்டர் உயரத்தைத்தான் நிரப்பும். மேலே ஒன்று, கீழே ஒன்று என ஒவ்வொன்றும் ஒரு சாண் அகலம்கூட இல்லாத இரண்டு கருப்புப் பட்டைகள் மிஞ்சும். இரண்டையும் சேர்த்தால் திரையின் கால்பங்கு. படம் ஓடும் இரண்டரை மணி நேரமும் அந்தக் கால்பங்கு கருப்பாக இருந்தாக வேண்டும். மலிவான பல டிவிகளில் அது சாம்பல் நிறத்தில் மினுங்கிக்கொண்டே இருக்கும். ஏன்?

இந்த விலையில் கிடைப்பவை எல்லாம் எல்சிடி டிவிகள். பெட்டியில் எல்இடி, கியூஎல்இடி என்று எதைப் போட்டிருந்தாலும் உள்ளே திரவப் படிகம்தான். இவற்றின் புள்ளிகள் தாமாக ஒளி விடுவதில்லை. பின்னால் எல்இடி விளக்குகள் எந்நேரமும் எரிகின்றன. முன்னால் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டி ஜன்னல். கருப்பு வேண்டுமென்றால் ஜன்னலை மூட வேண்டும். ஜன்னல் எவ்வளவு இறுக்கமாக மூடுகிறது என்பதுதான் கேள்வி.

பள்ளியில் தளவிளைவு (ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவைப்பது) படித்திருப்போம். இரண்டு போலராய்டு தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் ஒளி தாண்டாது. டிவி திரையிலும் அப்படி இரண்டு தகடுகள் உண்டு. நடுவே மூன்று, நான்கு மைக்ரான் தடிமனில் திரவப் படிகம். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. அதன் மூலக்கூறுகள் அரிசிமணிபோல நீளவாட்டில் இருக்கும். இந்த அரிசிமணிகளை எப்படி நிறுத்துகிறார்கள் என்பதில்தான் ‘விஏ’, ‘ஐபிஎஸ்’ என்ற இரண்டு வகைகள் பிரிகின்றன.

விஏ பேனலில், மின்னழுத்தம் இல்லாதபோது அரிசிமணிகள் கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்கின்றன. ஒரு அரிசியை நுனியிலிருந்து பார்த்துப் பாருங்கள். வட்டமாகத்தான் தெரியும்; இடம், வலம், மேல், கீழ் எல்லாம் ஒன்றே. பின்னாலிருந்து வரும் ஒளிக்கும் அப்படித்தான். அந்த மூலக்கூறில் திசை என்று எதுவும் அதற்குத் தெரிவதில்லை. ஆகவே வந்த தளத்திலேயே மாறாமல் போய் இரண்டாவது தகட்டில் முட்டி நின்றுவிடுகிறது. அதுதான் கருப்பு. இப்போது மின்னழுத்தம் கொடுத்தால் மணிகள் சாய்கின்றன. சாய்ந்த அரிசிக்கு நீளம் வேறு, அகலம் வேறு. ஒளியின் ஒரு பகுதி நீளவாட்டிலும் இன்னொரு பகுதி அகலவாட்டிலும் வெவ்வேறு வேகத்தில் போகின்றன. ஒன்று மற்றதைவிடப் பின்தங்குகிறது. வெளியே வரும்போது தளம் மாறிவிட்டிருக்கும். இரண்டாவது தகடு வழிவிடுகிறது. எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு வெளிச்சம். சாய்வின் அளவை மட்டும் மாற்றிக் கும்மிருட்டு முதல் வெள்ளை வரை எல்லாப் படிகளையும் எடுத்துவிடலாம். இவ்வளவு எளிய ஏற்பாட்டிலிருந்து ஒரு முகத்தின் நிழலெல்லாம் வருகிறது என்பது எத்தனை முறை யோசித்தாலும் வியப்புதான்.

ஐபிஎஸ் பேனலில் மணிகள் எப்போதும் படுத்தே இருக்கின்றன. படுத்தபடியே, கடிகார முள்போல, கண்ணாடியின் தளத்திலேயே திரும்புகின்றன. கருப்பு வேண்டுமானால் அத்தனை மூலக்கூறுகளும் போலராய்டின் திசையோடு இம்மி பிசகாமல் ஒட்டிப் படுத்திருக்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் ஒளி கசியும். நின்றுகொண்டிருக்கும் மணிக்கு எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்ற கவலையே இல்லை. படுத்திருக்கும் மணிக்கு அதுவே எல்லாம். இதனால் ஐபிஎஸ்ஸில் வெள்ளைக்கும் கருப்புக்குமான விகிதம் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் நிற்கிறது. விஏ மூவாயிரம் முதல் ஐயாயிரம் வரை போகிறது. திரையின் வெள்ளை 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) என்றால், ஐபிஎஸ்ஸின் கருப்பு 0.3 நிட்ஸ், விஏவில் 0.1 அல்லது அதற்கும் கீழே. எண்ணாகப் பார்த்தால் அற்பம். விளக்கு அணைந்த அறையில், கண்மணி விரிந்த பிறகு, 0.3 என்பது பட்டை மினுங்குவதற்குப் போதும்.

ஐபிஎஸ்ஸுக்கு ஒரு வலிமை உண்டு. பாதி சாய்ந்த அரிசியை இடப்பக்கமிருந்து பார்ப்பதும் வலப்பக்கமிருந்து பார்ப்பதும் ஒன்றல்ல. அதனால் விஏ திரையைப் பக்கவாட்டில் பார்த்தால் முகங்கள் வெளிறும். படுத்தே திரும்பும் மணிகளுக்கு இந்தச் சிக்கல் மிகவும் குறைவு. ஹாலில் சோபா, நாற்காலி, பாய் என்று மூன்று திசையிலும் ஆட்கள் உட்காரும் வீடு என்றால் ஐபிஎஸ் நல்லது. எதிரே ஒரு சோபா, இரவில் படம், கேம் என்றால் விஏதான் என் சிபாரிசு.

பார்க்கும் கோணச் சிக்கலைப் பற்றிச் சொல்லும்போது பெங்களூருவைச் சொல்லாமல் தாண்ட முடியாது. 1977-ல் ராமன் ஆய்வுக் கழகத்தில் எஸ். சந்திரசேகர், பி. கே. சதாசிவா, கே. ஏ. சுரேஷ் மூவரும், அரிசிமணிபோல் அல்லாமல் காசுபோலத் தட்டையான மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று கண்டுபிடித்தார்கள். அப்போது அதற்குப் பயன் என்று எதுவும் இல்லை. பின்னால், பழைய மானிட்டர்களிலும் லேப்டாப்களிலும் இருந்த டிஎன் வகைத் திரைகளைப் பக்கவாட்டில் பார்த்தால் படம் சிதைவதைச் சரிக்கட்ட, இத்தகைய தட்டு மூலக்கூறுகளைப் பூசிய படலத்தை ஜப்பானின் ஃபியூஜிஃபிலிம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கண்டுபிடிப்பு நம்முடையது, தொழிற்சாலை அவர்களுடையது. ‘இதனால் என்ன பயன்?’ என்று முதல் நாளே கேட்டு ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் பழக்கம் மாற வேண்டும். பயன் தெரியாத ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பதோடு, பயன் தெரிந்ததும் அதைத் தொழிலாக்கவும் பணம் கொடுக்க வேண்டும்; இரண்டாவதில்தான் நாம் அதிகம் தவறவிட்டிருக்கிறோம்.

இனி விளையாட்டு. விஏவின் குறை இங்கே தலைகாட்டும். செங்குத்தாக நிற்கும் மணியை லேசாக மட்டும் சாய்க்க, லேசான மின்னழுத்தம்தான் கொடுக்க முடியும். தள்ளும் விசை குறைவு, ஆகவே அசைவு மந்தம். கும்மிருட்டிலிருந்து கரும்சாம்பலுக்கு மாற, விநாடிக்கு 60 படம் காட்டும் திரையில் ஒரு படத்துக்கு (ஃபிரேமுக்கு) உரிய 16.7 மில்லி விநாடி போதாமல் போகும். இருண்ட குகைக்குள் கேமராவைச் சுழற்றினால் நிழல்கள் வால்போல இழுபடுவது இதனால்தான். நல்ல டிவியில் கணநேரம் கூடுதல் மின்னழுத்தம் கொடுத்து மணியை உந்திவிடும் சுற்று சரியாக அமைந்திருக்கும். மலிவானதில் அது சுமாராக இருந்தால், கேமின் செட்டிங்ஸில் பிரைட்னஸை ஓரிரு படி ஏற்றுங்கள். இழுப்பு கணிசமாகக் குறையும்.

திரை விநாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது: 60 ஹெர்ட்ஸா, 120 ஹெர்ட்ஸா? இந்த விலையில் 55 அங்குலத்தில் பெரும்பாலானவை 60-தான். ‘மோஷன் 120’ என்று அட்டையில் இருந்தால் அது பேனலின் எண் அல்ல; இடைப்பட்ட ஃபிரேம்களை டிவியே கற்பனை செய்து நுழைக்கும் வித்தையின் பெயர். ‘120 ஹெர்ட்ஸ் டிஎல்ஜி’ என்று எழுதியிருந்தால் அது வேறு: கிடை வரிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, 2160 வரிகளை 1080 ஆக்கி வேகத்தை இரட்டிப்பாக்குகிறார்கள். கூர்மை குறையும், ஆனால் வேகம் உண்மை. பந்தய, சுடும் விளையாட்டுகளுக்கு உதவும். பிளேஸ்டேஷன் 5-ஐ வைத்து விஆர்ஆர் (கேம் தரும் வேகத்துக்கேற்பத் திரையின் வேகமும் மாறுவது) வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.1 இருக்க வேண்டும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் பெட்டிகள் ஃப்ரீசிங்க் (ஏஎம்டி நிறுவனத்தின் விஆர்ஆர் முறை) உள்ள டிவிகளில் பழைய 2.0 வழியாகவும் விஆர்ஆர் தரும். ‘எச்டிஎம்ஐ 2.1’ என்ற எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஏஎல்எல்எம் (தானாகக் கேம் மோடுக்கு மாறுவது), இஏஆர்சி (ஒலியை வெளி ஸ்பீக்கருக்கு அனுப்புவது) இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். ‘4கே 120 உள்ளீடு உண்டா, எந்த போர்ட்டில்?’ என்று கேளுங்கள்.

கேபிளுக்காக ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். தங்க முலாம் படத்தை அழகாக்கும் என்பது மூடநம்பிக்கை. எண்மச் சிக்னல் சரியாக வந்து சேரும். இல்லையென்றால் புள்ளிகள் மின்னும், திரை விட்டுவிட்டு அணையும். நடுவே ‘கொஞ்சம் செழுமையான நிறம்’ என்று ஒன்று கிடையாது. கன்சோலோடு வந்த கேபிளே போதும்.

கடைக்குப் போகும்போது ஒரு பென் டிரைவில் முழுக் கருப்புப் படம் ஒன்றும், ஒரு ஸ்கோப் டிரெய்லரும் எடுத்துப் போங்கள். மோடை ‘மூவி’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ ஆக்கச் சொல்லுங்கள். கருப்புப் படத்தைப் போட்டுத் திரையின் மூலையில் இரண்டு கைகளையும் குவித்துக் கடை வெளிச்சத்தை மறைத்துப் பாருங்கள். மூலைக்கு மூலை வெளிறல் வேறுபட்டால் அந்தப் பெட்டி வேண்டாம். பிறகு டிரெய்லரில் முகம் வரும் காட்சியில் நிறுத்தி, 45 டிகிரி நகர்ந்து பாருங்கள். முகம் வெளிறினால் விஏ. செல்போன் கேமராவைத் திரையோடு நெருக்கிப் புள்ளிகளைப் பெரிதாக்கினால், ஐபிஎஸ் துணைப்புள்ளிகள் பெரும்பாலும் அம்புமுனைபோல வளைந்திருக்கும். விஏவில் நேரான கட்டங்கள். ஒரே மாடலில்கூட 43-க்கு ஒரு பேனலும் 55-க்கு வேறு பேனலும் வருவதுண்டு. ஆகவே எந்த அளவை வாங்கப் போகிறீர்களோ அதையே சோதியுங்கள்.

எச்டிஆர் (அதிகப் பிரகாசத்தையும் ஆழ்ந்த இருட்டையும் ஒரே படத்தில் காட்டும் முறை) பற்றி நீளமாகப் பேச இந்த விலையில் விஷயமில்லை. 250 முதல் 350 நிட்ஸ் திரையில், 1,000 நிட்ஸுக்காக அமைத்த படத்தின் பிரகாசம் வராது. லோக்கல் டிம்மிங் (படத்தின் இருண்ட பகுதிக்குப் பின்னால் உள்ள விளக்குகளை மட்டும் மங்கவைப்பது) இருந்தால் மட்டும் அதற்கு மதிப்புக் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும், கன்சோல் செருகிய எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு மெனுவில் ‘என்ஹான்ஸ்டு’ ஃபார்மட்டை ஆன் செய்யுங்கள். பல டிவிகளில் இது ஆஃபில் வரும். 4கே 60-ல் எச்டிஆர் வராததற்கு முதல் காரணம் இதுதான். விளையாடும்போது கேம் மோட் கட்டாயம். மற்ற மோடுகளில் டிவி படத்தை மெருகேற்ற எடுக்கும் நேரம், பட்டனை அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையே 100 மில்லி விநாடிகூட ஆகும். கேம் மோடில் அது 10 முதல் 20-க்குள் வந்துவிடும். படத்துக்கு மூவி மோட், நிற வெப்பம் ‘வார்ம்’, மோஷன் ஸ்மூத்திங் (மேலே சொன்ன, ஃபிரேம்களைக் கற்பனை செய்து நுழைக்கும் வித்தை) ஆஃப், ஷார்ப்னஸ் பூஜ்யத்தை ஒட்டி.

இன்னும் ஒன்று, பேக்லைட், அதாவது திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு. முதல் நாளே அதை 100-லிருந்து 60-ஐ ஒட்டி இறக்கிவிடுங்கள். இரவில் 30 போதும். இந்த டிவிகளில் அடிக்கடி போவது பேனல் அல்ல, பின்னால் உள்ள எல்இடி பட்டைகள். விளக்குகள் தொடரிணைப்பில் இருப்பதால், ஒன்று அறுந்தால் அந்த வரிசை முழுதும் அணையும். பல டிவிகளில் பாதுகாப்புச் சுற்று மொத்தத்தையும் நிறுத்திவிடும். சத்தம் வரும், படம் வராது. அப்போது அறையை இருட்டாக்கி டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக உருவம் அசைந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, பேக்லைட்தான் போயிருக்கிறது. பட்டைகளை மாற்றினால் போதும், புது டிவி தேவையில்லை. ஒரு பட்டையை மட்டும் மாற்றச் சம்மதிக்காதீர்கள். மற்றவையும் அதே வயதுதான், சில மாதங்களில் அடுத்தது போகும். ஒவ்வொரு முறையும் கண்ணாடிப் பேனலைக் கழற்றி மாட்டுவதில்தான் விரிசல் விழுகிறது. செட்டாகவே மாற்றச் சொல்லுங்கள்.