தண்ணீர் வற்றினால்தான் நிற்கும் இந்த வீடு

டிசம்பர் பிறந்தால் அமெரிக்காவில் பல வீடுகளிலும் பள்ளிகளிலும் குழந்தைகள் பிஸ்கட்டால் வீடு கட்டுவார்கள். முறையான ஜிஞ்சர்பிரெட் (இஞ்சி பிஸ்கட்) வீடு என்றால் மாவு பிசைந்து, தகடாகத் தேய்த்து, வெட்டி, சுட்டு, ஆறவைக்க வேண்டும். அரைநாள் ஓடிவிடும். அந்த வேலையை மிச்சப்படுத்தத்தான் கடையில் கிடைக்கும் கிரஹாம் கிராக்கர் என்ற பிஸ்கட். 19ஆம் நூற்றாண்டில் தவிடு நீக்காத கோதுமை மாவுக்காகப் பிரசாரம் செய்த சில்வெஸ்டர் கிரஹாம் என்ற பாதிரியாரின் பெயர் அதற்கு.

வீடு சரிந்துவிட்டால் எல்லோரும் பிஸ்கட்டைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் தவறு பசையில் இருக்கும். அந்தப் பசைக்கு ராயல் ஐசிங் என்று பெயர். 3 முட்டையின் வெள்ளைக்கரு, 450 கிராம் ஐசிங் சுகர், அரை டீஸ்பூன் கிரீம் ஆஃப் டார்டார் என்ற புளிப்புப் பொடி. மூன்றையும் 7 முதல் 10 நிமிடம் அடிக்க வேண்டும். பளபளப்பு மங்கி, கத்தியால் நடுவே கீறினால் அந்தக் கோடு மூடிக்கொள்ளாமல் அப்படியே நிற்க வேண்டும். கோடு மூடினால் தளர்வு. இன்னும் 2 ஸ்பூன் சர்க்கரை சேருங்கள். சாப்பிடவும் போகிறீர்கள் என்றால் பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்க வாய்ப்புண்டு. முட்டைக்குப் பதிலாக 3 டேபிள்ஸ்பூன் மெரிங் பவுடரும் (உலர்ந்த வெள்ளைக்கருப் பொடி) 5 டேபிள்ஸ்பூன் வெதுவெதுப்பான நீரும் போதும்.

இந்தப் பசை இறுகும் விதம் அழகானது. மூன்று வெள்ளைக்கருவில் ஏறத்தாழ 85 கிராம் தண்ணீர் இருக்கிறது. அறை வெப்பத்தில் தண்ணீர் தன் எடையைப் போல இரண்டு மடங்கு சர்க்கரையைக் கரைக்கும். அப்படியானால் கரைவது சுமார் 170 கிராம்தான். மீதி 280 கிராம் கரையாமல், பொடிப் பொடியான படிகங்களாகவே பாகில் மிதக்கிறது. தண்ணீர் ஆவியாக ஆக, கரைந்திருந்த சர்க்கரைக்கு இடம் போதாமல், மிதக்கும் படிகங்களின் மேலேயே படிந்து ஒன்றை ஒன்றோடு ஒட்டவைக்கிறது. அடித்தபோது விரிந்த முட்டைப் புரதம், காற்றுக் குமிழிகளைச் சுற்றி மெல்லிய வலையாக நின்று பசையை வழியவிடாமல் பிடிக்கிறது.

சிமென்டுக்கு நேர் எதிர் இது. சிமென்ட் தண்ணீரோடு வினை புரிந்து இறுகும். அதனால்தான் கட்டிய சுவருக்கு நாள்கணக்கில் தண்ணீர் ஊற்றுகிறோம். ஐசிங் தண்ணீரை இழந்து இறுகும். கிண்ணத்தில் மிச்சம் இருப்பதை ஈரத்துணியால் மூடிவைத்தால் அது இளகியே இருக்கும். கோட்டைத் தடிமனாகப் பிழிந்தால் மேலே தோல் கட்டி, உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். 5 மில்லிமீட்டர் பருமன் போதும்.

கொழுப்பு இதற்குப் பெரிய எதிரி. ஒரு சொட்டு மஞ்சள்கரு விழுந்தாலும் புரத வலை சரியாக உருவாகாது. பிளாஸ்டிக் கிண்ணத்தில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு எளிதில் போகாது. கண்ணாடியோ ஸ்டீலோ நல்லது. வெண்ணெய் ஐசிங்கை வைத்துக் கட்டலாமா என்றால், கூடாது. வெண்ணெய் அறை வெப்பத்தில் கல்லாக இறுகாது.

இனி அளவு. ஒரு முழுக் கிராக்கர் சுமார் 12.5 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம், 15 கிராம் எடை. நீளத்தை நான்கு சமத் துண்டாக ஒடிக்கக் குறுக்கே துளைக்கோடுகள் இருக்கும். பக்கச் சுவர் இரண்டுக்கும் நான்கில் மூன்று பங்கு வைத்துக்கொண்டு கால் பங்கை ஒடித்துவிடுங்கள். சுவர் 6 செ.மீ. உயரம் நிற்கும். முன்சுவரும் பின்சுவரும் செங்குத்தாக நிறுத்திய முழுக் கிராக்கர்கள். அடியிலிருந்து 6 செ.மீ. உயரத்தில் இரு ஓரத்திலும், 9 செ.மீ. உயரத்தில் நடுவிலும் புள்ளி வைத்து இணைத்து, அந்தக் கோட்டில் வெட்டினால் 45 பாகைச் சரிவு கிடைக்கும். கூரைக்கு வெட்டாத இரண்டு கிராக்கர். எல்லாப் பக்கமும் சற்று வெளியே நீண்டு தாழ்வாரம் போல் நிற்கும்.

வெட்டும்போதுதான் பலருக்கு உடைகிறது. கிராக்கர் வளையாது, அழுத்தினால் ஏதாவது ஒரு துளையில் விரிசல் பிறந்து அதன் போக்கில் ஓடிவிடும். பல் வைத்த ரொட்டிக் கத்தியைக் கிட்டத்தட்ட எடையே இல்லாமல் பிடித்து, ரம்பம் போல 15, 20 முறை இழுங்கள். தூளாக உதிர்ந்து கோடு ஆழமாகும். அதன் பிறகு தானே பிரியும். இரண்டு மூன்று கிராக்கர் கூடுதலாக வைத்துக்கொள்வது அவசியம்.

அட்டையின் மேல் ஐசிங் கோடு இழுத்து, முன்சுவர், பின்சுவர் இரண்டுக்கும் நடுவே பக்கச் சுவர்களைச் செருகுங்கள். உட்புற மூலைகளிலும் ஒரு கோடு இழுத்தால் பிடிப்பு கூடும். பிறகு 2 மணி நேரம் தொடாதீர்கள். பொறுமையின்றி உடனே கூரையை ஏற்றுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. சரிவான கூரை கீழே மட்டும் அழுத்தாது, சுவர்களை வெளிப்பக்கமும் தள்ளும். ஈரப் பசை அந்தத் தள்ளலைத் தாங்காது. கூரையை வைத்ததும் தாழ்வாரத்துக்கு அடியில் இருபுறமும் சின்னக் கிண்ணங்களை முட்டுக்கொடுத்து அரைமணி விடுங்கள். மிட்டாய் ஒட்டுவது மறுநாள்தான்.

காற்றின் ஈரம் 85 விழுக்காட்டை நெருங்கினால் சர்க்கரை காற்றிலிருந்தே தண்ணீர் இழுத்துக் கசியத் தொடங்கும். பிஸ்கட் அதற்கு முன்பே நமுத்துவிடும். மழைநாளில் கட்டுவதானால், கிராக்கர்களை 120 டிகிரி செல்சியஸ் ஓவனில் 10 நிமிடம் உலர்த்தி, முழுக்க ஆறிய பின் எடுங்கள். கட்டி முடித்த வீட்டை ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள்: வெளியே எடுத்ததும் குளிர்ந்த சுவரில் நீர் பூக்கும், சிவப்பு மிட்டாயின் சாயம் வெள்ளைக் கூரையில் வழியும்.